எப்பவும் போல

பாண்டியம்மாள் வீட்டுக்கு ஏழாம் நம்பர் என்று பெயர் வைத்தது கார்ப்பரேஷன் இல்லை, அவள் தம்பி மகள் முத்துமீனா. பழங்காநத்தத்தில் அந்தச் சந்துக்குள் கதவு இலக்கங்கள் ஓர் ஒழுங்கில் இருக்காது. பதினெட்டுக்கு அடுத்து நாற்பத்திரண்டு வரும், அதற்கடுத்து மறுபடியும் பதினெட்டு வரும். தபால்காரரே ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் கொடுப்பார். முத்துமீனா வந்து பத்து வீடுகளைப் பிடித்து ஒன்றிலிருந்து பத்து வரை நம்பர் போட்டாள். ஒவ்வொரு வீட்டு மெயின் போர்டிலும் தீப்பெட்டி அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டியை ஆறு வாரத்துக்கென்று மாட்டினாள். கேஸ் சிலிண்டருக்கு அடியில் ஒரு எடைத் தட்டை வைத்தாள்.

ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியில் அவள் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை என்று பாண்டியம்மாள் சந்து முழுக்க விளக்கம் சொல்லி ஓய்ந்துபோயிருந்தாள். ஒரு வீட்டில் கரண்டும் கேஸும் எவ்வளவு செலவாகிறது, அதில் எதைக் குறைத்தால் எவ்வளவு புகை ஆகாயத்துக்குப் போகாமல் மிச்சமாகும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்க்கிற ஆராய்ச்சி. பழங்காநத்தத்தில் பத்து வீடு, ஒத்தக்கடையில் பத்து, உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்களில் பத்து. அந்தக் குடும்பத்தில் முத்துமீனாவுக்கு முன்னால் கல்லூரிக்குள் போனவர்கள் உண்டு. அவள் அப்பன் முத்துப்பாண்டியே போயிருக்கிறான், கொத்தனாருக்குக் கையாளாகச் செங்கல் சுமந்துகொண்டு.

பெட்டியை மாட்டி முடித்ததும் அவள் சொன்னாள். "எப்பவும் போல இருங்க அத்தை. எனக்காக எதையும் மாத்தாதீங்க. ஃபேன் போடணும்னா போடுங்க, சமைக்கணும்னா சமைங்க. நான் ஒருத்தி இருக்கேங்கிறதையே மறந்துருங்க."

"சரித்தா," என்றாள் பாண்டியம்மாள்.

தப்பு இந்த இடத்தில்தான் நடந்தது. எனக்காக ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்லாத விருந்தாளி உண்டா? சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தோம் என்று வாசலில் சொன்னால் உலையை வை என்று அர்த்தம். அதை அப்படியே நம்பி வெறும் தண்ணீரைக் கொடுத்து அனுப்புகிற வீட்டுக்கு மறுபடி யார் படியேறுவார்கள்? வந்தவர் வேண்டாம் என்பது அவர் மரியாதை, செய்து வைப்பது நம் மரியாதை. பாண்டியம்மாள் ஐம்பத்திரண்டு வருஷமாக இப்படித்தான் வாழ்ந்திருக்கிறாள். அதை ஒரு வெள்ளைப் பெட்டிக்காக மாற்றிக்கொள்வாளா?

முதல் ஞாயிற்றுக்கிழமை முத்துமீனா வந்து ரீடிங் எடுத்தாள். லேப்டாப்பைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். பிறகு சாப்பிட உட்கார்ந்து கோழிக்குழம்பைப் பிசைந்துகொண்டே, "இந்தப் பழைய பிரிட்ஜுதான் பாதிக் கரண்டத் தின்னுது அத்தை" என்று அவள் பாட்டுக்குச் சொன்னாள். அவள் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். பாண்டியம்மாளுக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை.

அவள் போனதும் புருஷனிடம் வந்து நின்றாள். "ஏங்க, நம்ம வீட்டு மார்க்கு ரெம்ப மோசம் போலருக்கு."

வீரணன் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். ஒத்தக்கடையில் புதிதாக எழும்பிய அடுக்குமாடிக் குடியிருப்பில் அவருக்கு ராத்திரிக் காவல் வேலை. "வீட்டுக்கெல்லாமா மார்க்குப் போடுறாக?"

"பின்ன என்னத்துக்கு மிசினு மாட்டிருக்கு? முப்பது வீட்டுல சொந்த அத்தை வீடே இந்த லட்சணம்னா வாத்தியாரு அந்தப் புள்ளைய என்ன நெனைப்பாரு? மொதல்ல ஒன் வீட்டத் திருத்திட்டு வான்னு சொல்ல மாட்டாரா?"

"சொல்லுவாருதான்."

"நம்ம சனத்துல ஒரு பொட்டப்புள்ள இம்புட்டுத் தூரம் ஏறிப் போயிருக்கு. நம்ம வீட்டால எறங்கிறக் கூடாதுங்க."

அவர் கடைசிப் பொத்தானையும் போட்டு முடித்தார். நிலம் இல்லாத வீட்டில் பிறந்து, பதினாறு வயதில் உசிலம்பட்டிப் பக்கம் அடுத்தவர் காட்டில் கடலை பறிக்கப் போனவர். கணக்கு எழுதுகிற இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றே பழகியவர். அந்த எழுதுகிற இடத்தில் இப்போது நம் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. "என்ன செய்யணுமோ செய்யி பாண்டி," என்றார்.

அவள் செய்தாள். மகன் முகேஷ் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் சேர்ந்த வருஷம் பழையதாக வாங்கி அனுப்பிய பிரிட்ஜ் அது. அதன் ஒயரை உருவிச் சுற்றி வைத்துவிட்டு, உள்ளே துவரம்பருப்பு, உளுந்து டப்பாக்களை அடுக்கினாள். எறும்பு வராது, அந்த மட்டுக்கும் நல்லதுதான் என்று சொல்லிக்கொண்டாள். தயிரும் மிஞ்சின குழம்பும் அந்தந்த நேரத்துக்கே தீர்ந்தாக வேண்டும் என்றாகிவிட்டது.

கேஸுக்கு மரத்தூள் அடுப்பு. இருபது லிட்டர் தகரப் பெயின்ட் டப்பாவின் அடியில் ஓட்டை போட்டு, நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளைக் கொட்டிக் குத்திக் குத்தி இறுக்க வேண்டும். இறுக்கம் போதாவிட்டால் பாதியில் சரிந்து அணைந்துவிடும். பிறகு பாட்டிலைத் திருகி மெல்ல உருவினால் நடுவில் குழல் விழும். கீழே இரண்டு விறகுச் சிராயைச் செருகிப் பற்றவைத்தால் இரண்டு மணி நேரம் நின்று எரியும். மர மில்லில் தூளைச் சாக்கில் அள்ளிக்கொள்ளச் சொல்வார்கள். வேம்புத் தூள் கிடைத்த நாளில் கவலையில்லை. பிளைவுட் தூள் கலந்துவிட்டால் பசை கருகி மஞ்சளாகப் புகை கிளம்பும், கண்ணுக்குள் மிளகாய் அப்பினது மாதிரி இருக்கும். வீட்டின் பின்னால் குளியலறைக்கும் மதிலுக்கும் இடையில் ஓர் ஆள் அகலத்துக்கு இடம் உண்டு. அவள் வேலை பார்க்கிற பல் ஆஸ்பத்திரியில் காலையில் கூட்டித் துடைத்துவிட்டு வந்ததும் அங்கேதான் சோறு, குழம்பு, வெஞ்சனம், குளிக்க வெந்நீர் எல்லாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் டப்பாவின் மேல் துணி அலசுகிற பெரிய அலுமினியப் பேசினைக் கவிழ்த்துவிட்டு, முத்துமீனா எடை பார்த்து முடித்த பிறகு கேஸில் கோழிக்குழம்பு வைப்பாள்.

இதையெல்லாம்கூடத் தாங்கிவிடலாம். ஃபேனை நிறுத்தினதுதான் பெரும்பாடு. வீரணன் காலையில் ஏழரைக்கு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கிப் பழைய சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டு ஒன்பது மணிக்குப் படுப்பார். சித்திரைக் கடைசி, அக்கினி நட்சத்திரம் தொடங்கியிருந்தது. மேலே வெறும் கான்கிரீட். பத்து மணிக்கெல்லாம் அது கொதிக்கத் தொடங்கி, மத்தியானம் சுவரில் கை வைக்க முடியாது. அவள் மொட்டைமாடியில் நான்கு குடம் தண்ணீரை ஊற்றுவாள், சணல் சாக்கை நனைத்துத் தரையில் விரிப்பாள், பக்கத்தில் உட்கார்ந்து காலண்டர் அட்டையால் விசிறுவாள்.

"பாண்டி, ஒரு மணி நேரம் மட்டும் போட்டுட்டு அமத்திரு."

"எழுதிப்புடும்ங்க அந்தப் பெட்டி. ஒரு நிமிசம் போட்டாலும் எழுதிப்புடும்."

"அம்புட்டு வெவரமா அது?"

"ஒங்களவிட வெவரம்."

அவர் சிரித்துக்கொண்டே புரண்டு படுத்தார். தூக்கம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தால் அவள் கை வலிக்காமல் எழுந்து போவாள் என்று தூங்குவது போலக் கிடந்தார். அவர் தூங்கிவிட்டார் என்று அவளும் நம்பினாள்.

வாராவாரம் ரீடிங் இறங்கியது. முத்துமீனாவின் புருவம் ஏறியது.

"கேஸு எப்படி அத்தை இம்புட்டுதான் ஆயிருக்கு?"

"எல்லாத்தையும் குக்கர்ல ஒரே தடவையா வச்சு எறக்கிர்றேன்த்தா."

ஒரே தடவைச் சமையல் என்று முத்துமீனா நோட்டில் எழுதினாள்.

"ஃபேன்?"

"மாடியில தண்ணி ஊத்துறேன்ல, வீடு குளுந்து போகுது. மாமா போத்திக்கணும் போலருக்குன்னாருன்னா பாரேன்."

கூரைக்கு நீர் தெளித்தல் என்று அதையும் எழுதினாள். பாண்டியம்மாள் வாயில் வந்த பொய்யெல்லாம் அந்த நோட்டில் வழிமுறை ஒன்று, வழிமுறை இரண்டு என்று உட்கார்ந்துகொண்டது. கண் ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது என்று கேட்டபோது மட்டும், "வெயிலுத்தா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஐந்தாம் வாரம் வீரணன் குடியிருப்பின் கேட் பக்கத்தில் நின்றபடியே தூங்கிப்போனார். வெளியே கார்க்காரர் ஹாரன் அடித்துப் பார்த்து, இறங்கி வந்து தானே கேட்டைத் திறந்துகொண்டு போனார். இன்னொரு தரம் இப்படி என்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அதைச் சொல்லும்போது வீரணன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "கொஞ்சம் அசந்துட்டேன்," என்றார். "இன்னும் ஒரு வாரந்தானே பாண்டி, ஓட்டிருவோம்."

ஆறாவது வாரம் வியாழக்கிழமை மத்தியானம் முத்துமீனா கையில் லட்டுப் பெட்டியோடு வந்தாள். வாசலிலேயே அத்தையைக் கட்டிக்கொண்டாள். நல்லவேளையாக அன்றைக்குச் சமையல் முடிந்து அடுப்பு பேசினுக்கு அடியில் இருந்தது.

"அத்தை, காலேஜு சாரு நம்ம வீட்டு ரீடிங்கப் பாத்து அசந்துட்டாரு. மத்த வீட்டுல ஆகுறதுல பாதிகூட இல்ல. நாளைக்குச் சென்னையிலருந்து ரெண்டு அதிகாரிங்க வாராங்க. நேரா நம்ம வீட்டப் பாக்கத்தான்."

"நம்ம வீட்டயா?" பாண்டியம்மாளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "ஒனக்குப் பட்டம் நிச்சயந்தானே?"

"இருங்க, காட்டுறேன்." லேப்டாப்பைத் தரையில் வைத்துத் திறந்தாள். கோடு கோடாக ஏறி இறங்கியது. "மேல போகுதுல்ல, அது ஒத்தக்கடை ஏசி வீடுக. நடுவுல போறது மத்த வீடுக. அடியில பச்சையா போகுது பாருங்க, இதான் நீங்களும் மாமாவும்."

பாண்டியம்மாள் பச்சைக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இப்ப ஊருல எல்லாரும் அத்தை மாதிரி இருந்தா என்ன ஆகும்னு பாப்போம். பத்து லட்சம் வீடுன்னு போடுறேன்." தட்டினாள். திரையில் ஒரு பெரிய எண் விழுந்தது. "இம்புட்டுக் கார்பன் மிச்சம் அத்தை! இத வச்சுத்தான் அறிக்கை போகப்போகுது. ஒரு குடும்பத்துக்கு இம்புட்டுக் கரண்டு, இம்புட்டுக் கேஸு போதும், அதுக்கு மேல செலவழிக்கிறது வீணுன்னு."

"வீணுன்னா?"

"தேவையில்லாததுன்னு அர்த்தம்."

பாண்டியம்மாள் உள் அறையைப் பார்த்தாள். வீரணன் நனைந்த சாக்கில் மல்லாந்து கிடந்தார். கண் திறந்தே இருந்தது. மார்பில் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தோமே என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"இந்தப் பத்து லட்சம் வீட்டுலயும் ஆளுக இருப்பாகளா?" என்று கேட்டாள்.

"என்ன அத்தை கேக்குறீங்க? ஆளு இல்லாம வீடா?"

"இல்ல, இவர மாதிரி ராத்திரி வேலைக்குப் போயிட்டு வந்து பகல்ல படுக்குறவுகளும் அதுல இருப்பாகல்ல."

"இருப்பாங்க."

பாண்டியம்மாள் எழுந்து அவள் கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். பேசினைத் தூக்கினாள். அடுப்பு இன்னும் கனன்றுகொண்டிருந்தது. மதில் மேல்வரைக்கும் கரி படிந்திருந்தது. மூலையில் இரண்டு சாக்குத் தூள்.

"இதான்த்தா நான் சொன்ன குக்கரு," என்றாள். பிறகு நிறுத்த முடியாமல் எல்லாவற்றையும் சொன்னாள். பிரிட்ஜைத் திறந்து பருப்பு டப்பாவைக் காட்டினாள். காலண்டர் அட்டையைக் காட்டினாள். வீரணனுக்கு வேலை போக இருந்ததையும் சொன்னாள்.

முத்துமீனா அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நான் எம்புட்டு தடவ சொன்னேன் அத்தை? எப்பவும் போல இருங்கன்னு எம்புட்டு தடவ சொன்னேன்?"

"சொன்னத்தா. மரியாதைக்குச் சொல்றேன்னு நெனச்சேன்."

"மரியாதைக்கா?" அவள் குரல் உடைந்தது. "இந்தப் புகையக் கணக்குல சேத்தா நம்ம வீடு கேஸ் வீட்டவிட மோசம் அத்தை. ஆறு வாரம் போச்சு. நாளைக்கு அவங்க முன்னாடி நான் என்னன்னு நிப்பேன்? கெட்டிக்காரின்னு வந்தவளப் பொய்க்காரின்னு சொல்லுவாங்க. நம்மள மாதிரி ஆளுகள ஒரு தடவ அப்படிச் சொல்லிட்டா அப்பறம் யாரு உள்ள விடுவா?"

லேப்டாப்பைப் பையில் திணித்துக்கொண்டு அவள் கிளம்பினாள். பாண்டியம்மாள் நீட்டிய மோரை வாங்கவில்லை. அந்த வீட்டிலிருந்து வாய் நனைக்காமல் அவள் போனது அதுதான் முதல் தடவை.

பாண்டியம்மாள் அன்று சாயங்காலம் வரை பின்பக்கமே உட்கார்ந்திருந்தாள். தான் ஊட்டி வளர்த்த பிள்ளையின் காலைத் தானே வாரிவிட்டோம் என்று அழுதாள். வீரணன் எழுந்து வந்து பக்கத்தில் குந்தினார். "நீ உண்மையச் சொன்னதுதான் சரி," என்றார்.

"அப்ப செஞ்சது?"

"அதுல எனக்கும் பாதி இருக்குல்ல. எந்திரி, மூஞ்சியக் கழுவு."

மறுநாள் அதிகாரிகள் யாரும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை முத்துமீனாவும் வரவில்லை. பாண்டியம்மாள் போன் போட்டால் அடித்து அடித்து நின்றது. வீரணனுக்கு இப்போது ஃபேன் ஓடியது, அவர் தூங்கினார். கேஸைப் பற்றவைக்கத்தான் அவளுக்குக் கை வரவில்லை. எதற்கென்று தெரியாமலே மரத்தூளைக் குத்திக்கொண்டிருந்தாள்.

பத்தாம் நாள் காலை அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தபோது பின்பக்க இடுக்கில் நிழல் விழுந்தது. முத்துமீனா நின்றிருந்தாள். கையில் காய்கறிக் கடைத் தராசு மாதிரித் தொங்கவிட்டு எடை பார்க்கிற கொக்கி.

"முப்பது வீட்டுக்கும் போனேன் அத்தை," என்றாள், வா என்று சொல்வதற்குள். "முன்வாசல்ல உக்காராம நேரா கொல்லைக்குப் போனேன். நம்ம சந்துல மட்டும் எட்டு வீட்டுல அடுப்பு."

"எட்டு வீட்டுலயா?"

"இதே சந்துல உங்க சுந்தரம்மாக்கா என்ன செஞ்சிருக்காங்க தெரியுமா? ஊறப்போட்ட அரிசியையும் உளுந்தையும் வாளியில தூக்கிக்கிட்டு பஸ்ஸேறித் தங்கச்சி வீட்டுல ஆட்டிட்டு வந்திருக்காங்க. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு வீட்டுல டிவியப் போடாம எதிர்வீட்டுல போயி நாடகம் பாத்திருக்காங்க. ஒத்தக்கடையில ஏசி வச்ச சார் குடும்பத்தோட மாமியார் வீட்டுல போயிப் படுத்திருக்காரு, ஆறு வாரமா! ஏன் சார்னு கேட்டா, நீ படிக்கிற புள்ள, ஒனக்கு நல்லபடியா வரட்டும்னுதான்மாங்குறாரு."

பாண்டியம்மாள் கையால் வாயைப் பொத்தினாள். சிரிப்பை அடக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. முத்துமீனாவும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒங்க வாத்தியாரு என்ன சொன்னாரு?"

"திட்டுனாரு. அதிகாரிங்கள வரவேணாம்னுட்டாரு. முதல்லருந்து எடுன்னுட்டாரு. இந்த வருசம் பட்டம் கெடையாது அத்தை. அடுத்த வருசமும் என்னன்னு தெரியல."

பாண்டியம்மாள் சிரிப்பு நின்றது. அடுப்பின் வாயில் கிடந்த சிராயைத் தள்ளினாள். தூள் சரிந்து புகை குபுக்கென்று கிளம்பியது. "அங்குட்டுப் போயிரு தாயி, இன்னைக்கு பிளைவுட்டுத் தூளு. கண்ணு போயிரும்."

முத்துமீனா போகவில்லை. சாக்கைக் கொக்கியில் மாட்டி எடை பார்த்துக் குறித்தாள். பிறகு போனில் மணியைப் பார்த்துவிட்டு அத்தைக்குப் பக்கத்தில் மதிலோடு முதுகை ஒட்டிக் குந்தினாள். கொஞ்ச நேரத்தில் இருமல் பிடித்துக்கொண்டது. எழுந்து ஓடிப்போய் முகத்தைக் கழுவினாள், திரும்பி வந்து அதே இடத்தில் குந்தினாள். மறுபடி ஓடினாள், மறுபடி வந்தாள். சோறு வடித்து, குழம்பு கொதித்து, வெந்நீர் சுட்டு இறக்குகிற வரைக்கும் அவள் எழுந்து உள்ளே போகவில்லை.

"ஒரு மணி அம்பது நிமிசம்," என்றாள் கண்ணீர் வழிய. "தினமும் இப்படியா?"

"சாயங்காலம் இன்னொரு மணி நேரம்."

எழுதினாள். "சொல்லுங்க அத்தை. ஒன்னையும் விடாம சொல்லுங்க."

பாண்டியம்மாளுக்கு முதலில் கூச்சமாக இருந்தது. குறைத்துச் சொல்லியே பழகிய வாய். மெல்ல ஆரம்பித்தாள். "கண்ணு எரிச்சல்னு எழுதிக்க. மில்லுலருந்து சாக்குத் தூக்கியார்றதுல இடுப்பு வலி, அதையும் எழுது. மொட்டைமாடிக்கு நாலு கொடம், அதுக்கு இருவத்திரண்டு படி. மாமா பேரையும் போடு. ஆறு வாரமா ஒறங்கலைன்னு போடு."

"போட்டுட்டேன்."

"அந்தப் பத்து லட்சம் வீடு இன்னும் அதுக்குள்ள இருக்கா?"

"இருக்கு அத்தை."

"ஏதாச்சும் கொறைக்கிறதுன்னா கொறைங்கத்தா, பிரிட்ஜு நல்லதா மாத்தச் சொன்னா மாத்திக்கிறோம், வேணாங்கல. ஆனா மொதல்ல அம்புட்டு வீட்டுலயும் ஃபேனப் போட்டு விட்டுட்டு, அப்பறம் கணக்குப் பாரு."

முத்துமீனா முகத்தைத் துடைத்துக்கொண்டு அதையும் அவள் சொன்னபடியே எழுதினாள்.